கிளம்புபூவை ஒளித்தவர்

எங்கள் மலைமேய்ச்சலில் எப்போது கீழே இறங்குவது என்பதை மனிதர்கள் முடிவு செய்வதில்லை. அதை மனிதர்களிடம் விட்டால் ஒருத்தி புல் இன்னும் காயவில்லை என்பாள், இன்னொருத்தி மருமகனுக்குக் காய்ச்சல் என்பாள், கடைசியில் அடிதடியில் போய் நிற்கும். அதனால் அந்தப் பொறுப்பைப் பெரியவர்கள் எப்போதோ ஒரு பூவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அதற்குக் கிளம்புபூ என்று பெயர். வெயில் சுருங்கிக் காலையில் மூச்சு புகையாகத் தெரியத் தொடங்கும் நாட்களில், மேய்ச்சல் தரையைக் கிழித்துக்கொண்டு இலைகூட இல்லாமல் மொட்டையாக எழும்பும். பாலேட்டு வெள்ளை. இதழ் நுனி நூலிழை போல நீண்டிருக்கும். குங்குமப்பூவுக்குப் பங்காளிதான். ஆனால் சொத்தில் ஒரு காசு கிடைக்காத பங்காளி. சோற்றில் போட்டால் நிறமும் வராது, மணமும் வராது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை எங்களைக் கிளப்பிவிடுவது.

மேய்ச்சலில் முதல் பூவைப் பார்க்கிறவர் ரெஃபிகாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவளுடைய மாடு நாஸ்லிதான் மந்தைக்கு முன்னால் மணி கட்டி நடப்பது. சொன்ன மூன்றாம் நாள் காலையில் எல்லா வீடும் பூட்டப்படும். அதற்குப் பிறகு எந்தப் புகைபோக்கியிலும் புகை வரக்கூடாது. பூ வந்த பிறகும் தங்குகிறவன் வீட்டைப் பனி மூடும் என்பது நம்பிக்கை. நான் பார்த்தவரை பனி எல்லார் வீட்டையும்தான் மூடுகிறது.

இந்தப் பூவோடுதான் இலியாஸ் மல்லுக்கு நின்றார்.

இலியாஸை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் மீசை முளைக்குமுன் நகரத்துக் கேக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். அவரும் அப்படித்தான் போனார். சித்தப்பாவின் கடையில் முட்டை உடைக்கத் தொடங்கி, அங்காராவில் சொந்தக் கடை வைக்கிற வரைக்கும் வளர்ந்தார். ஊரார் ஒருவருக்கொருவர் சொல்ல நினைத்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கேக்கின் மேல் கிரீமில் எழுதிக் கொடுத்தவர். 'என் உயிரே' என்று எழுதியிருக்கிறார். 'என்னை மன்னித்துவிடு' என்று ஒரே ஆளுக்குப் பலமுறை எழுதியிருக்கிறார். சொந்தமாக ஒரு வரி பேச வேண்டி வந்தபோது மனிதரிடம் சரக்கு இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். குளிர்காலத்துக்குக் கீழூரில் ஓடைக்கு அந்தப் பக்கம் அப்பா கட்டிய வீடு. மாடு கட்டும் கீழ்க்கட்டில் மாடு இல்லாததால் கடையிலிருந்து கொண்டுவந்த தட்டுகளையும் அச்சுகளையும் அடுக்கிவைத்தார். கோடைக்கு மேலே ஒரு மரவீடு. அதற்கு அடுத்த வீடு ரெஃபிகாவுடையது.

ரெஃபிகா விதவை. கை ஓயாதவள், வாயும்தான். கோடை முழுக்க மேலே மாட்டோடு இருப்பாள். குளிர்காலத்தில் ரிசே நகரத்தில் நான்காம் மாடியில் மகன் வீட்டில் இருப்பாள். நான்காம் மாடிக்கு மாடு ஏறாது. அதனால் நாஸ்லியை ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் கட்டிவிட்டுப் போவாள். போகும்போது ஒவ்வொரு வருஷமும் மாட்டின் காதில் ஏதோ சொல்லுவாள். என்னவென்று யாரும் கேட்டதில்லை. அவள் முகம் அப்போது கேட்கிற மாதிரி இருக்காது.

சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பலகையில் தேநீர் நடக்கும். இலியாஸ் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பார். ரெஃபிகா பேசுவாள். இப்படி ஒரு கோடை போயிற்று. இவளோடுதான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும் என்று மனிதர் முடிவு செய்துவிட்டார். அவளிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்தார். ஒருநாள், சாயங்காலம் கட்டாயம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அதிகாலையில் தண்ணீர் எடுக்கப் போனவரின் காலடியில் பூத்திருந்தது அது.

பார்த்தவர் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றாம் நாள் அவள் நான்காம் மாடியில் இருப்பாள்.

இலியாஸ் சுற்றும்முற்றும் பார்த்தார். வீட்டுக்குப் போய் சின்னக் கேக் வெட்டும் இரும்பு வளையத்தை எடுத்துவந்தார். பூவைச் சுற்றி அழுத்தி, அடியில் கரண்டி கொடுத்து, மண்ணும் கிழங்குமாக அப்படியே கேக் எடுக்கிற மாதிரி எடுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்து அதே அளவில் ஒரு புல்கட்டியை வெட்டிவந்து குழியை மூடினார். நாற்பது வருஷத் தொழில். மூடிய இடம் அவருக்கே தெரியவில்லை.

பூவைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. வீட்டின் பின்புறம் மாடு நுழையாமலிருக்க ஆள் உயரத்துக்குக் கல்சுவர் வைத்த ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. அங்கே நட்டார். மறுநாள் இன்னும் இரண்டு பூ. அவற்றையும் நட்டார். இப்படி அந்த வருஷம் ஒரு வாரம் சம்பாதித்தார். அந்த ஒரு வாரமும் சாயங்காலம் பலகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். பிறகு பூக்கள் அவர் கையை மீறி வந்துவிட்டன, நஸ்மியே பார்த்துவிட்டாள், எல்லாரும் இறங்கினார்கள்.

நஸ்மியே எங்கள் மேட்டின் கடைசி வீட்டுக்காரி. கணவன் ஹுர்ஷித் அவள் பேசி முடிப்பதற்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கிறவன். அவளுக்கு மேலே வந்த மறுநாளே கீழே போக வேண்டும், கீழே போன மறுநாளே மேலே வர வேண்டும். பூ தேடுவதில் அவள் கண்ணுக்கு ஈடு கிடையாது.

அடுத்த ஜூனில் மேலே வந்தபோது இலியாஸின் தோட்டத்தில் நடுவில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய இலைகள் நின்றன. புல் வெட்டுகிறேன் என்று வந்த ஹுர்ஷித்தைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். இலை தானாக மஞ்சளாகிச் சாய்கிறவரை அரிவாள் படக்கூடாது, கிழங்கு தின்பது அந்த இலை வழியாகத்தான் என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்தது. மற்றக் கிழங்குகளைப் போல இதைக் கோடையில் காயப்போடவும் முடியாது. ஓடை ஈரத்தில் வளர்ந்தது, தாகம் தாங்காது. தினமும் ஒரு செம்புத் தண்ணீர். எலிகள் வந்து கிழங்கைக் கடித்தபோது கீழ்க்கட்டிலிருந்து கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டுகளைக் கொண்டுவந்து மண்ணுக்குள் கிழங்குகளின் மேல் பதித்தார். கம்பிச் சந்தில் பூ வரும், எலி போகாது.

ஆகஸ்டில் ஒருநாள், வெளியே கிடந்த கல்லில் ஏறி நின்ற நஸ்மியேயின் தலை சுவருக்கு மேலே தெரிந்தது.

"மாஸ்டர், தோட்டம்னு சொல்றீங்க, ஒரு முட்டைக்கோஸ்கூட இல்லயே. வெறும் மண்ணுக்கா இவ்ளோ தண்ணி ஊத்துறீங்க?"

"இன்னும் முளைக்கல."

"எப்ப முளைக்கும்?"

"நீங்கல்லாம் கெளம்புற நேரத்துல."

"நல்லாருக்கு போங்க. கேக் சுட்டவங்கிட்ட வெவசாயம் கேக்க வந்தேன் பாருங்க."

அவர் சொன்னது முழு உண்மை. கேட்கத் தெரியாதவளிடம் உண்மையைச் சொல்வதில் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனாலும் அவள் ஏறி நின்ற கல்லை அன்றைக்கே உருட்டிவிட்டார்.

இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் அப்படியே போயின. வீடுகளுக்கும் ஊற்றுக்கும் நடுவிலுள்ள சரிவில் பூ குறைந்துகொண்டே வந்தது, தோட்டம் நிறைந்துகொண்டே வந்தது. புல் அறுத்த பிறகு மாடுகளை வீட்டுப் பக்கமே மேய்ப்பார்கள், தூரத்துச் சரிவுகளுக்கு யாரும் போவதில்லை. ஊற்றுக்கு மேலே இருக்கிற புல்திட்டு ஒன்றுதான் இலியாஸுக்குக் கவலை. ரெஃபிகா நாஸ்லியை அங்கேதான் ஓட்டிப்போவாள். அவருடைய முட்டி அந்த ஏற்றத்துக்கு ஒத்துழைக்காது. அங்கே பூக்காமல் இருக்க நியாயமில்லை. ஆனாலும் அவள் ஒருநாளும் பூ என்று வாய் திறக்கவில்லை. அல்லா நம் பக்கம் இருக்கிறார் என்று இலியாஸ் எடுத்துக்கொண்டார்.

பூ தாமதமாவதற்கு நஸ்மியே பல காரணம் கண்டுபிடித்தாள். கீழே கட்டுகிற அணை, மேலே பறக்கிற விமானம், பக்கத்து வீட்டுக்காரியின் பொறாமை. ஹுர்ஷித் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

நான்காம் வருஷம் விஷயம் முற்றிவிட்டது. செப்டம்பரில் ஒருநாள் தேநீர் நேரத்தில் ரெஃபிகா வழக்கம்போலப் பேசவில்லை. தேநீர் ஆறுகிறவரை கண்ணாடிக் குவளையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"மகன் போன் பண்ணினான்," என்றாள். "இதோட போதும்மா, அடுத்த வருஷம் மேல போக வேணாம்னுட்டான். எம் முட்டிக்காகவாம். எம் முட்டி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"நாஸ்லி?"

"தங்கச்சிக்கு வயசாயிடுச்சு, இனிமே பாத்துக்க முடியாது. கீழ எறங்கினதும் வித்துடலாம்ங்கிறான். ஆள்கூடப் பாத்து வச்சிட்டான்."

இலியாஸ் வாயைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் கேக் வரிகள். 'பல்லாண்டு வாழ்க' என்பதுதான் முதலில் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. இந்த முறை பூ வந்தால் போகிறவள் திரும்பி வரமாட்டாள். விடியுமுன் வளையத்தோடு சரிவுக்குப் போனார். ஒரு மொட்டையும் விடவில்லை. குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, அப்போதும் விடவில்லை. வழக்கமாக இறங்குகிற நாள் தாண்டிற்று. அக்டோபர் வந்தது. புல் முடிந்துவிட்டது, மாவு முடியப் போகிறது. வெண்ணெய் உருகும்படி சீஸும் சோளமாவும் கிண்டிச் சாப்பிட்ட வீடுகளில் வெறும் சோளரொட்டியும் தேநீரும் ஓடியது. நஸ்மியே தினமும் மேய்ச்சலைச் சல்லடையாகச் சலித்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். பூ வராமல் இறங்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அப்படி இறங்கினதாகக் கேள்விப்பட்டதே கிடையாது. எங்கள் ஆட்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்களே தவிர, கேள்விப்படாததைச் செய்யமாட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த நாட்களில் இலியாஸ் பேசியது என்ன? "குளுரு ஜாஸ்தியாயிடுச்சு" என்று ஒருமுறை சொன்னார். "தேத்தண்ணி நல்லாருக்கு" என்று இரண்டுமுறை சொன்னார். எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தால் பனி. கணுக்கால் அளவுக்கு.

"பூ வராம பனி எப்படி வரும்?" என்று நஸ்மியே வாசலில் நின்று வானத்தைக் கேட்டாள். வானம் பதில் சொல்லுமுன் மணிச் சத்தம் கேட்டது. ராத்திரி அரைவயிறாகப் படுத்த நாஸ்லி கயிற்றை அறுத்துக்கொண்டு மேயப் புறப்பட்டிருந்தது. மேய்ச்சலெல்லாம் வெள்ளை. எங்கேயோ பச்சை வாசனை பிடித்து, இலியாஸின் கல்சுவரில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியது. சுவர் சரிந்தது. மாட்டைப் பிடிக்க எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

ஓடினவர்கள் அப்படியே நின்றார்கள். சுவரோரம் பனி மெலிந்திருந்தது. அந்தப் பனியைத் துளைத்துக்கொண்டு கிளம்புபூக்கள் நின்றன. நெருக்கமாக, வரிசையாக, தட்டில் அடுக்கிய பிஸ்கட் மாதிரி. ஒரு மேய்ச்சல் முழுக்க வர வேண்டியது ஒரு தோட்டத்தில் நின்றது. நாஸ்லி ஒரு வாய் தின்றது.

நஸ்மியே பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் ஹுர்ஷித் முதன்முதலாகப் பார்த்தான்.

"மாஸ்டர்," என்றாள் கடைசியில். "இது என்னது?"

"தோட்டம்," என்றார் இலியாஸ்.

"தோட்டம்னு எனக்கும் தெரியுது. தோட்டத்துல என்னது?"

"முளைச்சிடுச்சு."

"எத்தன வருஷமா எங்க தலையில மொளகா அரைக்கிறீங்க? எம் புருஷன் நாலு நாளா வெறும் ரொட்டி திங்கிறான். பனியில மாட்ட எறக்கணும் இப்ப. ஒண்ணு வழுக்கி விழுந்தா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா? எதுக்குய்யா இந்த வேல?"

ஹுர்ஷித் அடுத்து ஏதோ சொல்ல வந்தான். அவள் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திக்கொண்டான். எல்லாக் கண்ணும் இலியாஸ் மேல் இருந்தது. காரணத்தைச் சொன்னால் ரெஃபிகாவின் பெயர் ஊர்வாயில் அரைபடும். சொல்லாவிட்டால் பைத்தியக்காரன் என்ற பெயர் மிஞ்சும். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

"அழகா இருந்துச்சு. அதான்," என்றார். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

மூன்று நாள் கெடுவெல்லாம் இல்லை, இப்போதே இறங்குவது என்று முடிவாயிற்று. எல்லாரும் மூட்டை கட்ட ஓடினார்கள். ரெஃபிகா மட்டும் நாஸ்லியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இடிந்த சுவரோரம் நின்றாள்.

"கிழங்கோடயா தோண்டினீங்க?" என்று கேட்டாள்.

"கிழங்கோட."

"இத்தனயும்?"

"இத்தனயும்."

"எதுக்குத் தோண்டணும்? பூவ மட்டும் கிள்ளிப்போட்டா முடிஞ்சு போச்சே. நான் அப்படித்தான் செஞ்சேன்."

இலியாஸுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

"கீழ்ச்சரிவுல நீங்க எடுத்தீங்க சரி. மேல்திட்டுல யாரு எடுத்தாங்கன்னு நெனச்சீங்க?"

"அல்லான்னு நெனச்சேன்."

"அவருக்கு வேற வேல இல்ல பாருங்க. தெனமும் இந்த மாட்ட ஓட்டிட்டுப் போயி, குனிஞ்சு குனிஞ்சு கிள்ளி, இதுக்கே ஊட்டிவிட்டேன். அந்த ருசி கண்டுதான் இன்னிக்கு உங்க சொவத்த இடிச்சுட்டு நிக்குது."

இலியாஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. மருமக வீட்டுக்குப் போறத நாலு நாள் தள்ளிப்போடலாமேன்னுதான். அங்க ஒரு சன்னல், அதுல எதுத்த வீட்டு சன்னல். கையில வேல இல்ல. ஒக்காந்து ஒக்காந்து செத்துருவேன் போலருக்கும். அதோட இவளப் பிரியணும்." மாட்டின் நெற்றியைத் தடவினாள். கண்ணைத் துடைக்கவில்லை. அதுபாட்டுக்கு வழிந்தது.

மூட்டைகள் ஏறுகிற சத்தம் கேட்டது. நஸ்மியே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். இலியாஸ் தன் வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ நம்ம வீட்டுல," என்று ஆரம்பித்தார். "கீழ்க்கட்டு ஒண்ணு இருக்கு. கேக் தட்டுத்தான் கெடக்கு."

ரெஃபிகா அவரைப் பார்த்தாள்.

"தட்ட எடுத்துட்டா ஒரு மாடு நிக்கும்," என்றார்.

"மாட்டுக்கு யாரு பால் கறக்கறது? உங்களுக்கு முட்ட ஒடைக்கத்தான் தெரியும்."

"மாட்டுக்காரியும் வரணும்."

வாழ்நாளில் அவர் சொந்தமாகச் செய்த ஒரே வரி அது. கிரீமில் எழுதினால் ஒருவனும் வாங்கமாட்டான்.

ரெஃபிகா தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வருஷமா பூவப் புடுங்கினதுக்கு மொத நாளே இதச் சொல்லியிருந்தா எல்லாரும் காஞ்ச தரையில எறங்கியிருக்கலாம்," என்றாள். "மணிய எடுங்க. நாஸ்லிக்குக் கட்டணும்."

பனியில் இறங்கினோம். எந்த மாடும் விழவில்லை. கீழூர்ப் பாலத்தில் நாஸ்லி வழக்கமாக இடப்பக்கம், தங்கை வீட்டுக்குத் திரும்பும். அன்றைக்கு ரெஃபிகா கயிற்றை வலப்பக்கம் இழுத்தாள், ஓடையைத் தாண்டி இலியாஸ் வீட்டுப் பக்கம் நடந்தாள். பின்னாலிருந்து நஸ்மியே கத்தினாள். "அக்கா, மாடு தப்பாத் திரும்புது." ரெஃபிகா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அது சரியாத்தான் போகுது. நீ ஒன் மாட்டப் பாரு." அவள் மகன் அந்த வாரம் வந்து கொஞ்சம் சத்தம் போட்டான். இமாம் வந்து நிக்காஹ் நடத்தி வைத்தபோது தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த கோடையில் மேட்டுக்காரர்கள் கூடி, கிழங்குகளை எடுத்த இடத்தில் நட்டுவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இலியாஸ் இலை காய்ந்த பிறகு வளையத்தோடு சரிவு முழுக்க நட்டார். நஸ்மியே கூடவே நின்று இங்கே நடு, அங்கே நடு என்று வேலை வாங்கினாள். சுவரோரம் ஒரு வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தோட்டத்துப் பூவுக்கு ஊரைக் கிளப்புகிற அதிகாரம் கிடையாது, அது பார்க்க மட்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் இன்னும் முடியவில்லை. இலியாஸ் பலகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்திட்டிலிருந்து ரெஃபிகா கிட்டத்தட்ட ஓடிவந்தாள். முட்டி வலி என்ற ஒன்று அவளுக்கு இருந்ததாகவே தெரியவில்லை. கையில் ஒரு பூ. ஏழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "பூ வந்தாச்சு, கெளம்புங்க" என்று குரல் கொடுத்தாள். நஸ்மியேகூட இன்னும் பார்த்திருக்கவில்லை.

இலியாஸுக்கு லேசாக மனத்தாங்கல்தான்.

"அவசரம் என்ன? இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போலாமே."

ரெஃபிகா பூவை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே மூட்டை கட்டப் போனாள்.

"வீட்டுக்குப் போக வேணாமா?" என்றாள்.